தொடாமல் பார்த்துக்கொள்வது

வளர்ப்புப் பறவைக்கு வீட்டுக்குள் அடிபட்டால், முதல் சில நிமிடங்களில் வீட்டார் செய்கிற காரியம் அதைப் பிழைக்க வைக்கும், அல்லது சாகடிக்கும். சாகடிப்பவர்கள் பெரும்பாலும் பாசம் மிகுந்தவர்கள். ஓடிப்போய் அள்ளி நெஞ்சோடு அணைக்கிறார்கள். அலகைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். மஞ்சளை எண்ணெயில் குழைத்துக் காயத்தில் அப்புகிறார்கள். தெருவே வந்து சுற்றி நிற்கிறது. நடுவில் அந்தச் சின்ன உயிர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது.

அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குப் பழக்கமெல்லாம் மனித எலும்புதான். பறவையின் எலும்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வைத்தது பேரன் வளர்க்கிற காக்டெயில் பறவை. மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், சாம்பல் உடம்பு. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை, இன்று தஞ்சாவூர்ப் பக்கத்துச் சின்ன ஊர்களில்கூட விற்கிறார்கள்.

நம் வீடுகளில் கூண்டைத் திறந்து பறவையை உலவ விடுபவர்கள் முதலில் பயப்பட வேண்டியது சீலிங் ஃபேனுக்கு. ஓடுகிற ஃபேன் இறக்கை பறவையின் கண்ணுக்குத் தடையாகத் தெரிவதில்லை. பேரன் கூண்டுக் கதவைத் திறந்திருந்த நேரத்தில், கரண்டு போய்த் திரும்பி வந்தது. சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. நான் உள்ளே போனபோது பறவை தரையில் கிடந்தது. இடது இறக்கை தொங்கியது, சுவரோரம் ரத்தத் துளிகள்.

"அப்பாயி, கண்ண மூடுது அப்பாயி!"

"மூடட்டும்டா தம்பி. நீ ஃபேன நிறுத்து. கதவச் சாத்து. யாரும் உள்ள வர வேண்டாம்னு சொல்லு."

காக்டெயில் பறவை ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். அதன் உடலில் ஓடும் ரத்தம் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது பத்து மில்லி. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்குகிற பட்ஜிக்கோ மூன்றரை மில்லி, ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. ஆகவே ரத்தத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சுத்தமான பஞ்சுத் துணியால் காயத்தை மட்டும் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். நகம் ஒடிந்தோ, வளர்ந்துகொண்டிருக்கும் சிறகு முறிந்தோ ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்தலாம். ஆழமான புண்ணில் எந்தப் பொடியையும் தூவக்கூடாது.

பிடிக்கும் விதம் அதைவிட முக்கியம். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் இருக்கிறது, பறவைக்கு அப்படி ஒன்று இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அந்த மார்பைப் பாசத்தோடு இறுக்கிப் பிடித்தால் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் மூச்சு முட்டிச் செத்துவிடும். மெல்லிய துண்டைப் போட்டு, இரண்டு இறக்கைகளும் உடம்போடு மடிந்திருக்கும்படி தூக்கி, மார்பில் அழுத்தம் விழாமல் பெட்டிக்குள் விட வேண்டும். அவ்வளவுதான் நம் கைக்கு வேலை.

தண்ணீர் விடுவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். யார் மயங்கி விழுந்தாலும் செம்பைத் தேடுகிறோம். மருமகளும் இங்க் ஃபில்லரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்தேன். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. அதிர்ச்சியில் கிடக்கும் பறவைக்கு விழுங்கத் திராணி இருக்காது, விட்ட தண்ணீர் நேராக மூச்சுக்குள் போகும். வார்டில் இதை மனிதரிடமே பார்த்திருக்கிறேன். சாலை விபத்தில் விழுந்தவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கிப் போட்டு, வழியில் சோடாவும் கொடுத்துக் கூட்டி வருவார்கள். எல்லாரும் நல்லவர்கள், தம் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். தூக்கிய தூக்கில் முதுகுத்தண்டுக் காயம் பெரிதாகியிருக்கும். எதையாவது செய்தாக வேண்டும் என்கிற தவிப்பு அவர்களுடையது. அந்தத் தவிப்புக்கு மருந்தாக நாம் செய்வதை அடிபட்டவன் தாங்க வேண்டியிருக்கிறது.

பிறகு அதற்கு என்னதான் வேண்டும்? இருட்டு, அமைதி, சூடு. மயிலுக்குப் போர்வை தந்த பேகனை நாம் கொடைக்காகப் பாராட்டுகிறோம். மயிலுக்கு எதற்குப் போர்வை என்று கேட்பவர்களும் உண்டு. அடிபட்ட பறவையை ஒருமுறை கவனித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்கு மேல். அதிர்ச்சியில் அது சரியத் தொடங்கினால், இருக்கிற சக்தியெல்லாம் சூடாக்கிக்கொள்ளவே செலவாகும், காயத்தை ஆற்ற மிச்சம் இருக்காது. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்வது குளிரின் அடையாளம். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப் பெட்டி, அடியில் மடித்த துணி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் போதும். உள்ளே 30 டிகிரி அளவு இருந்தால் நல்லது. மறுபக்கம் சூடில்லாமல் இருக்க வேண்டும், வேண்டாதபோது அது நகர்ந்துகொள்ளும். இறக்கையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று பொருள்.

பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து எடுத்து வந்தார். அவர் கைமருந்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தேறியிருக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பறவைக்குச் சிறகுதான் சட்டை. எண்ணெய் பட்டால் சிறகுகள் ஒட்டிக்கொண்டு குளிரைத் தடுக்கும் திறனை இழந்துவிடும். அலகால் கோதும்போது பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். மருந்துக் கடைக் களிம்புக்கும் இதுவே பொருந்தும்.

வலி மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டு டப்பாவில் இருக்கும் எதையும் பறவைக்குப் பொடித்துக் கொடுக்கக்கூடாது. டைக்ளோஃபெனாக்கை வார்டில் நானே எத்தனையோ பேருக்கு ஊசியாகப் போட்டிருக்கிறேன். அதே மருந்தை மாடுகளுக்குப் போட, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. இந்தியாவின் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்குக் காரணம் இதுதான் என்று 2004இல் உறுதியானது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது மெலோக்சிகாம். எங்கள் பறவைக்கு மருத்துவர் துளிக் கணக்கில் எழுதித் தந்ததும் அதே மெலோக்சிகாம்தான். ஒரு பெரிய அழிவிலிருந்து கிடைத்த அறிவு எங்கள் வீட்டு அட்டைப் பெட்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

முதலுதவி முடிந்ததும் மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரி இருக்கிறது, மற்றப் பக்கத்தாருக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள் இருக்கின்றன. பறவையை வாங்கும்போதே எங்கே கொண்டு போவது என்று விசாரித்து எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும். பூனை கவ்விய பறவையானால் காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே கொண்டு போக வேண்டும். பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் பறவை போய்விடும். பச்சைக்கிளி வளர்ப்பவர்கள் சிலர் பயந்துகொண்டு மருத்துவரிடம் போவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம், அதனால்தான் அந்தப் பயம். ஒளித்து வைத்துச் சாகவிடுவதைவிட வனத்துறையிடம் ஒப்படைப்பது மேல். முதலிலேயே வாங்காமல் இருப்பது அதைவிட மேல்.

எக்ஸ்ரேயில் எங்கள் பறவைக்கு முன்கையில் ஒரு எலும்பு மட்டும் முறிந்திருந்தது. பறவைக்கும் நம்மைப்போல் முன்கையில் இரண்டு எலும்பு. தடித்தது அல்னா, பறக்கும் சிறகுகளில் ஒரு வரிசை அதில்தான் ஊன்றியிருக்கிறது. முறிந்தது அது. பக்கத்தில் இருந்த மெல்லிய ரேடியஸ் முழுசாக இருந்ததால் அதுவே சிம்பு வைத்ததுபோல் தாங்கிக்கொண்டது. இறக்கையை மடித்து எட்டு வடிவத்தில் கட்டுப் போட்டார் மருத்துவர். பறவை எலும்பு மூன்று வாரத்தில் ஒட்டிவிடும் என்றார். மனிதருக்கு மாதக் கணக்கு.

கட்டை அதிக நாள் விடக்கூடாது, இடையில் அவிழ்த்து மூட்டை நீட்டி மடக்கிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு கூடியும் இறக்கை விரியாது என்று அவர் சொன்னபோது எனக்கு வார்டு நினைவுக்கு வந்தது. மாவுக்கட்டு பிரித்ததும் முழங்கையை நீட்ட முடியாமல் அழுத எத்தனை பேர்! வலிக்குமே என்று வீட்டார் அசைக்க விடாமல் வைத்திருப்பார்கள். அசையாமல் இருக்க ஒரு காலம், அசைய வேண்டிய காலம் ஒன்று. முன்னதில் பொறுமை இல்லாதவர்கள் பின்னதில் துணிச்சலும் இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பறவையின் இறக்கையை அசைத்துப் பார்ப்பது மருத்துவர் கையில்தான் நடக்க வேண்டும், வீட்டில் நாம் இழுத்துப் பார்க்கக்கூடாது.

பறவை தன் நோயை மறைக்கும். பலவீனமானதை வேட்டை விலங்கு முதலில் பிடிக்கும் என்பதால், அது காட்டில் பழகிய பழக்கம். நிற்க முடிகிற வரை நிற்கும். தின்பதுபோல் உமியை உடைத்துப் போடும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. இதையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு முறிந்து வீங்கிய கையோடு நாள் கணக்கில் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தாங்க முடியாமல் போன பிறகு தனியாக வந்து நின்ற பெண்கள் எத்தனையோ பேர். "ஏம்மா இத்தனை நாள் வரல?" என்றால், "லேசாத்தான் வலிச்சுது சிஸ்டர்" என்பார்கள். பிறகு வந்து சேரும் கணவனைக் கேட்டால், அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்பான். மறைத்துப் பழகியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தட்டில் என்ன மிஞ்சுகிறது, எந்தக் கையால் குடத்தைத் தூக்குகிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு அன்பு மட்டும் போதாது, கவனம் வேண்டும். கவனம் தினசரி வேலை.

பறவைக்கு அந்தத் தினசரி வேலை இரண்டு. ஒன்று, கிராம் காட்டும் சமையலறைத் தராசில் காலையில் எடை பார்ப்பது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று, கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து எச்சத்தைப் பார்ப்பது. பச்சை, வெள்ளை, தெளிந்த நீர் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் நல்லது. கொஞ்சமாகக் கரும்பச்சையில் வந்தால் பட்டினி. பேரன் நோட்டில் கோடு போட்டு இரண்டையும் எழுதினான். முதல் சில நாள் தலையைத் தடவ வேண்டும் என்று தவித்தவனுக்கு, எழுதுவதே தடவுவதற்குப் பதிலாகிவிட்டது. குச்சிகளை எடுத்துவிட்டுத் தரையோடு ஒன்று மட்டும் வைத்தோம். தினையும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் தட்டையான கிண்ணத்தில் இருந்தன. பால் தரவில்லை, பறவைக்குப் பால் செரிக்காது. இரவில் மங்கலான விளக்கு ஒன்று எரிந்தது. காக்டெயில் இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் குணமுள்ளது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். பார்க்க வேண்டும், எடுத்துக் காட்டு என்றார்கள். அவர்களைத் தாழ்வாரத்திலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்தோம். நோயாளியைப் பார்க்கப் போவதை நாம் மரியாதையாக வளர்த்து வைத்திருக்கிறோம். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து, நடந்ததை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி, களைத்துப்போய் மறுபடி படுக்கிறார். வாசலில் நின்று வீட்டுக்காரரிடம் "என்ன உதவி வேணும்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து விட்டுப் போனால் அது எவ்வளவு பெரிய உபகாரம். மனிதருக்காக இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். பறவைக்காகச் சொன்னபோது யாரும் கோபிக்கவில்லை.

எல்லாப் பறவையும் பிழைப்பதில்லை. உள்காயம் வெளியே தெரியாது. எல்லாம் சரியாகச் செய்தும் விடியற்காலையில் அசையாமல் கிடக்கலாம். குழந்தைகளிடம் இதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பறந்து போய்விட்டது என்று பொய் சொல்லக்கூடாது. பேரனிடம் முதல் நாளே சொன்னேன். அழுதான். பிறகு நோட்டை எடுத்து அன்றைய எடையை எழுதினான்.

கட்டுப் பிரித்த பிறகு எங்கள் பறவை முதலில் குச்சிக்குக் குச்சி தாவியது, பிறகு அலமாரி வரை பறந்தது. உயரம் போகும்போது இன்னும் இடப்பக்கம் சாய்கிறது, அது அப்படியே நிற்கலாம் என்கிறார் மருத்துவர். கூண்டு இப்போது ஃபேனே இல்லாத அறையில் இருக்கிறது. பேரன் அதற்குத் துணையாக இன்னொன்று கேட்கிறான். புதிதாக வருவதை ஒரு மாதமாவது வேறு அறையில் வைத்து, நோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும், அதுவரை இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாடி அறையிலிருந்த பழைய பாய்களையும் பெட்டிகளையும் அவன் இறக்கத் தொடங்கிவிட்டான்.