குளிரில் கம்ப்ரசருக்கு எந்த ஆயில்?

நவம்பர் வந்துவிட்டால் எட்மன்டனில் நம்மாட்கள் வீடுகளில் ஒரே புலம்பல்தான். டயரில் காற்று குறையும். கராஜில் இருக்கிற கம்ப்ரசரும் அன்றைக்குப் பார்த்து ஓடாது. டயர் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. வெயில் அளவு ஐந்தாறு டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 15 டிகிரியில் சரியாக அடித்த டயர், மைனஸ் 25-ல் ஆறேழு பிஎஸ்ஐ குறைவாக நிற்கும். கம்ப்ரசர் ரொம்பத் தேவைப்படுகிற காலமும் அது மக்கர் பண்ணுகிற காலமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கிற ஆயில்தானுங்க.

நான் பேங்க்காரன், மெக்கானிக் இல்லை. ஆனால் எங்க ஊரில் கம்ப்ரசர் பார்க்காமல் யாரும் வளர முடியாது. எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளாதான், ஆனால் பேச்சு தமிழ். மழை மறைவுப் பகுதி. அதனால் தண்ணீர் என்றால் போர்தான். ஆழ போருக்குள் கம்ப்ரசரால் காற்றை இறக்கி, அந்தக் காற்றோடு தண்ணீரை மேலே தள்ளுவார்கள். பக்கத்துக் கோயமுத்தூரில் எல்ஜி கம்பெனி தொடங்கியது 1960-ல். கம்ப்ரசர் எங்க பக்கத்துக்கு அந்நியமான சாமானே இல்லை.

அங்கே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஆயில் கெட்டியா இருக்கோணும், அப்பத்தான் மெசின் உழைக்கும்." விரலில் தொட்டு, கட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். பங்குனி சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் இன்னும் அதிகம். அந்தச் சூட்டில் நீர்த்த ஆயில் இன்னும் நீர்த்துப் போய் பிஸ்டனைக் காப்பாற்றாது. ஆக ஊரில் சொன்னது ஊருக்குச் சரி. அதையே இங்கே மைனஸ் 30-க்கும் கொண்டுவந்தால்தான் வம்பு.

நம்ம வீட்டு எண்ணெய்களை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும். கையில் ஊற்றினால் எது கெட்டி? விளக்கெண்ணெய்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மார்கழிக் காலையில் உறைந்து நிற்பது தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டியாகிவிடும். விளக்கெண்ணெய் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மெதுவாக ஒழுகும். ஆக, கெட்டித்தன்மை வேறு, உறைவது வேறு. விரலால் தேய்த்துப் பார்த்தால் இரண்டாவது தெரியவே தெரியாது.

(அதற்காக யாரும் விளக்கெண்ணெயைக் கம்ப்ரசரில் ஊற்றிவிடாதீர்கள் :-) சூட்டில் பிசின் மாதிரி ஆகி வால்வில் ஒட்டிக்கொள்ளும்.)

கம்ப்ரசர் ஆயில் டப்பாவிலும் இதே இரண்டு விஷயம்தான். ஒன்று, ஐஎஸ்ஓ விஜி 100, 68, 46 என்று போட்டிருக்கும் எண். அது 40 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. கவனியுங்கள், 40 டிகிரியில்! அது எருத்தேன்பதி மத்தியானம், எட்மன்டன் ஜனவரி அல்ல. சாதாரண மினரல் விஜி 100 ஆயில், பூஜ்ஜியம் டிகிரியிலேயே பத்து மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். இரண்டாவது, 'போர் பாயின்ட்'. நம்ம ஊர் போர் இல்லை, ஊற்றினால் ஒழுகுகிற கடைசி வெப்பநிலை. இது டப்பாவில் இல்லாவிட்டாலும் கம்பெனியின் விவரத் தாளில் இருக்கும். சின்தடிக் ஆயில்கள் பலவற்றுக்கு இது மைனஸ் 40-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். மினரல் ஆயில் அதற்கு முன்பே நின்றுவிடும். அந்தக் கடைசிக் கோடு வரை போகாமல், ஒரு பத்து டிகிரியாவது இடைவெளி விட்டு வாங்குங்கள்.

போன குளிர்காலத்தில் எங்க தெரு ஈரோட்டுத் தம்பி ஒருவர் வந்தார். வேனில் சாமான் டெலிவரி பண்ணிப் பிழைக்கிறவர், விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி எடுக்கணும். "அண்ணா, கம்ப்ரசர் 'ம்ம்ம்'னு உறுமுது, உடனே பிரேக்கர் விழுந்துடுது. மோட்டார் போயிடுச்சு, புதுசு போடணும்னு சொல்றாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். பெல்ட்டைக் கையால் சுற்றினால் சுற்றவே முடியவில்லை. மெசினை ஒரு ராத்திரி வீட்டுக்குள் வைக்கச் சொன்னேன். காலையில் பெல்ட் லேசாகச் சுற்றியது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்தது விஜி 100 மினரல். சின்ன கம்ப்ரசரில் ஆயில் பம்ப் இருக்காது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் கரண்டி மாதிரி ஒன்றுதான் ஆயிலை வாரி இறைக்கும். அல்வாவில் கரண்டி போட்டால் தெறிக்குமா? பிஸ்டன் காய்ந்து ஓடும், மோட்டார் திணறும். அப்படியே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருந்தால் மோட்டார் நிஜமாகவே போயிருக்கும். ஆயில் மாற்றினோம், ஓடியது. அந்த மாதச் சம்பாத்தியம் மோட்டாருக்குப் போகாமல் தப்பித்தது.

இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உங்களுடையது ஆயில் போடும் மெசினா என்று பாருங்கள். 'ஆயில் ஃப்ரீ' என்றால் ஒன்றுமே ஊற்றக் கூடாது. ஆயில் மெசின் என்றால் மேனுவலில் எந்தக் குளிருக்கு எந்த ஆயில் என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் கடைசி வார்த்தை. பொதுவாகக் குளிருக்குக் கெட்டி குறைந்த கிரேடு, அல்லது கம்ப்ரசருக்கென்றே வரும் சின்தடிக். நல்ல சின்தடிக் போட்டால் கோடைக்கு வேறு மாற்ற வேண்டியதில்லை.

கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். அதில் டிடர்ஜென்ட் உண்டு, அழுக்கை மிதக்க வைக்கும். காரில் அதைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறது, சின்ன கம்ப்ரசரில் இல்லை. சில கம்பெனிகள் 5டபிள்யூ-30 சின்தடிக் போடலாம் என்று மேனுவலிலேயே எழுதுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் மட்டும் சரி. பழைய ஆயிலோடு புதியதைக் கலக்காமல் முழுக்க வடித்துவிட்டு ஊற்றுங்கள். கண்ணாடி வட்டத்தின் சிவப்புப் புள்ளி வரைதான்.

ஸ்டார்ட் பண்ணும்போது டாங்கின் அடி வால்வைத் திறந்து வைத்து, சில நிமிடம் சும்மா ஓட்டி, பிறகு மூடுங்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம், வோல்டேஜ் குறைந்து மோட்டார் சூடாகும். வேலை முடிந்ததும் டாங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் வால்வில் ஐஸ் கட்டும், டாங்கும் உள்ளே துருப்பிடிக்கும். துருப்பிடித்த டாங்க் வெடித்தால் ஆளுக்கே ஆபத்து. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றணும். நெருப்பு காட்டிச் சூடாக்கும் வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம்.

செய்வதை இந்த வாரமே செய்துவிடுங்கள். மைனஸ் 30-ல் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் கீழே இறங்காது. அப்புறம் மெசினை வீட்டுக்குள் தூக்கணும், அதற்கு வீட்டம்மாவிடம் பர்மிஷன் வாங்கணும்!