முகூர்த்த நாளும் வருகைப் பதிவேடும்

கல்லூரியில் பாடம் நடத்துவது ஒரு பணி. மாணவர் ஆலோசகராய் இருப்பது முற்றிலும் வேறொரு பணி. 30 பெயர்கள் அடங்கிய பட்டியலை நம் கையில் தந்து, "இனி இவர்கள் உங்கள் பொறுப்பு" என்று துறைத்தலைவர் சொல்லிச் சென்றபோது, அப்பொறுப்பு யாதென விளக்குவார் எவருமிலர். வருகை நாட்கள், உள்மதிப்பீட்டு மதிப்பெண், அரியர் தாள்கள் ஆகியவற்றைக் குறித்துவர ஒரு பதிவேடு கிடைத்தது. அதனை நிரப்புவதற்கு மாணவனின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை!

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு பருவத்திற்கு 90 வேலை நாட்கள். நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை இருந்தாலன்றித் தேர்வெழுத இயலாது. 65க்கும் 75க்கும் இடைப்பட்டோர் கட்டணம் செலுத்தி அனுமதி பெறலாம். அதற்கும் கீழே சென்றோரின் நிலை கடினம். பல வீடுகளில் இச்செய்தி தெரியவருவது, நுழைவுச்சீட்டு மறுக்கப்படும் நாளில்தான்.

2024ஆம் ஆண்டில் நம் பட்டியலில் இருந்த இரண்டாமாண்டு மாணவன் ஒருவன், பருவத்தின் 60 நாட்களில் 38 நாட்களே வந்திருந்தான். முதலாண்டில் நன்கு படித்தவன். காரணம் கேட்டால், "உடம்பு சரியில்ல சார்" என்பான். மேலும் கேட்டால் தலை குனிவான். அதட்டியிருந்தால் மறுநாள் முதல் கல்லூரிப் பக்கமே வந்திருக்க மாட்டான் என்பது உறுதி.

பதிவேட்டை மீண்டும் புரட்டினோம். ஆடி மாதத்தில் அவன் ஒரு நாளும் தவறவில்லை. ஆனியில் சில நாட்கள் விடுபட்டிருந்தன. ஆவணியிலோ பெரும்பாலான நாட்கள் வெறுமை. உடல்நலக் குறைவு மாதம் பார்த்தா வரும்? ஆடியில் திருமணங்கள் இல்லை. ஆவணியில் முகூர்த்தங்கள் நிறைய, அத்துடன் கேரளத்தின் ஓணமும் சேரும். அவனுடைய சட்டையில் காலைதோறும் வீசிய பிச்சிப்பூ மணத்தை நண்பர்கள் கேலி செய்ததும் நினைவுக்கு வந்தது. குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு தோவாளைப் பூச்சந்தையை அறியாதார் யார்?

அடுத்த நாள் அவனிடம் வருகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "இன்று பிச்சி என்ன விலை, தம்பி?" என்று மட்டும் கேட்டோம். திகைத்தான், விலையைச் சொன்னான், பின் எல்லாவற்றையும் சொன்னான். கோடை விடுமுறையில் தந்தை பக்கவாதத்தால் படுத்துவிட்டார். தந்தை சுமந்த பூமூட்டைகளை விடியுமுன்னே இவன் சுமக்கிறான். சந்தை நெரிசலான நாட்களில் வேலை முடிய நண்பகலாகிவிடும். "இனி வந்து என்ன சார் செய்ய? படிப்பு போச்சு" என்றான்.

ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினோம். வந்த நாட்கள் 38. எஞ்சியவை 30. இரண்டும் சேர்ந்தால் 68. தேவையும் 68! ஒரு நாளும் தவறலாகாது. ஆயினும் கதவு இன்னும் அடைபடவில்லை. புரட்டாசியில் முகூர்த்தம் இல்லாதது நல்வாய்ப்பு.

அன்று மாலையே அவனுடைய இல்லம் சென்றோம். பூக்கட்டிக் கொண்டிருந்த தாயார், "அவன் படிக்கணும்னுதான் சார் நானும் ராப்பகலா பூ கட்டுதேன். காலேசுக்குப் போகல்லன்னு எனக்குத் தெரியாதே" என்று கண்ணீர் வடித்தார். மகனின் சுமையை அவர் அறிவார். அதன் விலையை அறியார். ஆயுத பூசைக்கு முந்திய நாட்களில் சித்தப்பா சந்தைக்குச் செல்வதென முடிவாயிற்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவன் அவன். அத்தகைய மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் அவ்வாண்டு ஆகஸ்டில்தான் தொடங்கியிருந்தது. அதற்குரிய விண்ணப்பத்தையும் நிரப்பச் செய்தோம்.

இடையில் ஒரு நாள் காய்ச்சல் வந்துவிட்டது. 67 நாட்கள்! கட்டணம் செலுத்தித் தேர்வெழுதினான். ஒரு தாளில் அரியர், மற்றவற்றில் தேர்ச்சி.

எல்லாச் சுமைகளும் பூமூட்டையைப் போல் கணக்கில் அடங்குவன அல்ல. காதல் முறிவால் உண்ணாமல் கிடக்கும் பெண்ணுக்கும், வாழ்வே வேண்டாமெனப் பேசும் இளைஞனுக்கும் நம் அன்பு மட்டும் போதாது. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022 முதல் இயங்கிவரும் டெலி மனஸ் உதவி எண் 14416ஐயும் சொல்லித்தர வேண்டும். மாணவர் நம்மிடம் சொன்னது ஆசிரியர் அறையில் கதையாகக் கூடாது. உயிருக்கு ஆபத்து எனில் மட்டும் அதை மறைத்து வைத்தலாகாது. மகனின் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் தொலைபேசியை வைத்துவிடும் தந்தையரே, அவன் மதியம் யாருடன் உண்கிறான் என்றும் ஒரு முறை கேளுங்களேன்.

2025 ஆகஸ்டில், அப்போது மூன்றாமாண்டுக்கு வந்திருந்த அவன், முதலாண்டு மாணவன் ஒருவனைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்தான். "சார், இவனுக்கும் நாள் குறையுது. கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றான். வந்தவன் தரையைப் பார்த்தபடி நின்றான். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "எந்த ஊர், தம்பி?" என்று கேட்டோம்.