பரணில் கிடந்த கணினி

எங்கள் வீட்டுப் பரணில் நெடுங்காலமாக ஒரு பழைய கணினி கிடந்தது. 1993ஆம் ஆண்டில் என் தாய்மாமா தம் கடைக் கணக்குகளுக்காக வாங்கிய 386 வகைக் கணினி அது. அதன் ஹார்டு டிஸ்க் என்றோ பழுதாகிவிட்டது. சென்ற ஆண்டு வீட்டைத் துப்புரவு செய்கையில், காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். எவரும் மறுக்கவில்லை.

அந்நாட்களில் வீட்டில் வேறொரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. புதிய கணினி ஒன்று; அதற்கு உரிமை கொண்டாடுவோர் இருவர். கல்லூரியில் பயிலும் மகன் அதன்முன் அமர்ந்தால் எழுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மகளோ, பைதான் நிரல்களைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள், "வாப்பா, காக்காவுக்கு மட்டும்தான் கணினியா?" என்று கேட்டுவிட்டாள். மற்றொன்று வாங்க என் ஊதியம் இடந்தரவில்லை. ஆனால், "பொறுத்துக்கொள்" என்பதைப் பெண்பிள்ளையிடம் மட்டுமே இத்தனை எளிதாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அக்கேள்வி மகனையும் தைத்திருக்க வேண்டும். பரணிலிருந்து பழைய கணினியை அவனே இறக்கினான். "இது எதையும் கணக்கிட வேண்டாம் வாப்பா. தட்டுவதை அனுப்பி, வருவதைக் காட்டினால் போதும்" என்றான்.

கலைப் பட்டதாரியான எனக்கு அவன் விளக்கினான். முன்னாளில் ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒவ்வொருவர் முன்னும் திரையும் விசைப்பலகையும் மட்டுமே இருக்கும். அதற்கு டெர்மினல் என்று பெயர். 1978இல் வெளிவந்த வி.டி.100 இவற்றுள் புகழ்பெற்றது. 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். புதிய கணினியில் உள்ள லினக்ஸும் ஒரே வேளையில் பலருக்கு இடமளிப்பதே.

பழைய கணினி ஃபிளாப்பியிலிருந்து டாஸ் கொண்டு இயங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட் என்னும் மென்பொருள் அதனை டெர்மினலாக மாற்றியது. இரு கணினிகளையும் சீரியல் கம்பி இணைத்தது. ஒன்று பேசும் ஊசி மற்றதன் கேட்கும் ஊசியோடு சேருமாறு 2ஐயும் 3ஐயும் மாற்றி இணைத்த கம்பி அது. புதியதில் சீரியல் துளை இல்லாமையால் யூ.எஸ்.பி. மாற்றி ஒன்று மட்டும் வாங்கினோம்.

முதலில் திரையில் பொருளற்ற குறிகளே கொட்டின. இருபுற வேகமும் ஒத்திருக்கவில்லை. இரண்டையும் 9600 என அமைத்ததும் எழுத்துகள் தெளிந்தன. நொடிக்கு 960 எழுத்துகள். திரை முழுதும் நிரம்ப இரண்டு நொடிகள். மகள் தன் பெயரைத் தட்டி உள்நுழைந்தாள்.

இதில் படம் வராது. தமிழும் அரபியும் தெரியா என்பது எனக்குக் குறையே. எனினும் அவள் பாடத்திற்கு ஆங்கில எழுத்துகள் போதும். இப்போது ஒரே கணினியில் இருவரும் ஒருங்கே பயில்கின்றனர்.

வாசக அன்பர்களே! பழைய பொருளைக் கழிக்குமுன், அதனால் இயலாததை எண்ணாமல் இயல்வதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதற்கும் முன்பாக, வீட்டில் யாரைக் காத்திருக்க வைத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.