நெடுங்காட்டில் ஒரு புட்டி

சித்திரை மாதத்து நடுப்பகலில் காரைக்காலிலிருந்து நெடுங்காட்டுக்குப் பஸ்ஸில் போவது பாவம் தொலைக்கும் காரியந்தான். நாம் அப்படிப் போய் இறங்கியது, நம்முடன் பணியாற்றும் உபாத்தியாயர் ஒருவருடைய மகளின் கலியாணத்துக்கு.

1739-ல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சியை விட்டுப் போனார்கள். ஆனால் சில சொற்களை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நெடுங்காட்டுப் பஞ்சாயத்துக்கு இன்றும் 'கொம்யூன்' என்றே பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் 'சொல்தா'. மணப்பெண்ணின் பாட்டனாரும் ஒரு சொல்தாவே.

கலியாணத்துக்கு முதல் நாள் இரவு அவர் அலமாரியின் உச்சியிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் புட்டியை எடுத்தார். பத்து வருஷத்துக்கு முன் பாரிஸிலிருந்து வந்த தம்பி, "பேத்தி கலியாணத்தில் திறக்கலாம், அண்ணா" என்று கொடுத்துப் போனதாம். அந்தத் தம்பி இப்போது இல்லை. நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நாம் மதுவைத் தொடுகிறவர் அல்லர், முகர்ந்து பார்த்ததோடு சரி. அதுவே போதுமாயிற்று. காடி நெடி! தக்கை மேலெழும்பி, கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று கறை.

கிழவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சிவப்பு ஒயினைச் 'சாம்ப்ரே' பண்ணவேண்டும், அறைச் சூட்டில் இருக்கவேண்டும் என்று பட்டாளத்திலே சொன்னார்கள், வாத்தியாரையா. அறையில்தானே வைத்திருந்தேன்!" என்றார.

குற்றம் அவருடையதன்று, அறையினுடையது. அந்தச் சொல் பிறந்தது பிரான்ஸ் தேசத்துக் கற்சுவர் வீடுகளில். 12 டிகிரி குளிர்ச்சியுள்ள நிலவறையிலிருந்து மேலே கொண்டுவந்தால் அந்த அறை 16 முதல் 18 டிகிரி வரை இருக்கும். நெடுங்காட்டு அறையோ கோடையில் 35-ஐத் தாண்டும். உஷ்ணத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது. ஆறும்போது காற்று உள்ளே புகுகிறது. பிறகு காடிதான். கெடாத ஒயினைக்கூடச் சூடாக ஊற்றினால் சாராய நெடி முந்திக்கொண்டு பழ வாசனையை மறைத்துவிடும். அதிகம் குளிர்ந்தால் சிவப்பு ஒயின் துவர்க்கும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி பொருத்தம்.

இதெல்லாம் நம் நாட்டுக்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்றில் பாடிய நக்கீரர், அதன் குளிர்ச்சியையும் மறவாமல் சொல்கிறார். அந்த யவனர் ஜாடிகளின் ஓடுகளை 1945-ல் அரிக்கமேட்டில் வீலர் துரை தோண்டி எடுத்தார்.

"கிணற்றில் இறக்கியிருக்கலாமே?" என்றார் ஒருவர். கிணற்று நீர் ஊரின் வருஷ சராசரி உஷ்ணத்தை ஒட்டியே இருக்கும். இங்கே அது ஏறக்குறைய 28. மண்பானையும் ஈரத்துணியும் வறண்ட ஊரில் ஜாலம் செய்யும். ஈரக் கடற்காற்றில், கோடையிலே, 25-க்குக் கீழ் இறங்குவது அரிது. பரிமாறுவதற்குப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் வைத்தால் போதும். வெறும் கட்டி மட்டும் போதாது. தண்ணீர்தான் புட்டியை எங்கும் தழுவி நிற்கும். பத்து வருஷம் காப்பாற்றுவதற்கு இந்த ஊரில் மின்சாரத்தைத் தவிர வேறு கதியில்லை.

தம்பி கொடுத்ததில் வெள்ளை ஒயின் இன்னொன்று, நெல் குதிருக்குப் பின்னால் நிழலில் கிடந்தது. அதன் தக்கை அசையவில்லை. நாம் சொன்னபடி அன்றிரவே அதைக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில், தக்கை உலராதபடி, படுக்கப் போட்டார்.

இட்லி மாவுக்கு இடமில்லை என்று மருமகள் முணுமுணுத்தாள். கிழவர் காதில் வாங்கவில்லை. விடிவதற்குள் மூன்று தடவை கதவைத் திறந்து பார்த்தார்.