கிணற்றடிக் காயம்

சித்தப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் அரவை மில்லில் கணக்கெழுதினார். யார் எத்தனை மூட்டை கொண்டுவந்தார், கூலி பாக்கி எவ்வளவு, தவிடு எத்தனை கிலோ போயிற்று என்பதெல்லாம் பேரேட்டைத் திறக்காமலேயே அவர் வாயில் வரும். மூன்று வருடத்துக்கு முந்தைய பாக்கியைக்கூட தேதியோடு சொல்லுவார். அப்படிப்பட்டவருக்கு ஓர் இரவு மட்டும் நினைவில் இல்லை என்பதை நான் இருபத்தைந்து வருடங்கள் நம்பவில்லை.

1984. எனக்கு ஒன்பது வயது. சாராயக் கடையிலிருந்து திரும்பிய சித்தப்பா, அப்பாயியிடம் இன்னும் பணம் கேட்டார். அரிசிப் பானைக்குள் அவள் முடிந்து வைத்திருந்தது அவருக்குத் தெரியும். அப்பாயி பானைக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவர் பிடித்துத் தள்ளியதில் அவள் நெற்றி நிலைப்படியில் மோதிற்று. அவர் பணத்தை எடுத்து எண்ணிப் பார்த்து, சட்டைப்பையில் வைத்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். தள்ளாடக்கூட இல்லை. நான் போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் கேட்டார்: “என்னம்மா, நெத்தியில காயம்?”

“கிணத்தடியில வழுக்கிட்டுதுடா” என்றாள் அப்பாயி.

இருட்டில் ஏன் போனாய் என்று கடிந்துகொண்டார். மஞ்சள் அரைத்துத் தானே பற்றுப் போட்டார். அவர் விரல்கள் நடுங்கின. இந்த மனிதர் சினிமாவில் நடித்திருக்க வேண்டியவர் என்று நினைத்தேன். அதன்பின் அவர் எனக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் வெறுப்போடுதான் வாங்கிக்கொண்டேன்.

மறதி என்றால் எழுதிய ஒன்று அழிந்துபோவது என்றே நாம் எண்ணுகிறோம். போதையின் மறதி அப்படியல்ல. அங்கே எழுதப்படுவதே இல்லை. 1970இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவர், பெருங்குடிகாரர்கள் சிலருக்கு ஆய்வுக்கூடத்திலேயே நிறைய விஸ்கி கொடுத்து, குழந்தைகளின் பொம்மைகளைக் காட்டினார். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டபோது சரியாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் பாதிப் பேருக்குப் பொம்மை பார்த்ததே தெரியவில்லை. இரண்டு நிமிட நினைவு இருந்தால் போதும், ஒருவர் பேசலாம், பணத்தை எண்ணலாம், செருப்பைத் தேடி மாட்டலாம். ஆனால் அதை நாளைக்கென்று சேமித்து வைக்க வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி, சாராயத்தில் முடங்கிக் கிடக்கிறது. சித்தப்பா தள்ளாடவில்லை, ஆகவே அவருக்குத் தெரிந்திருக்கும் என்ற என் சிறுவயதுத் தர்க்கம் இதைப் படித்த அன்று சரிந்தது.

குடி ஒருவனின் உண்மை முகத்தை வெளிக்கொணர்கிறது என்று சொல்லுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. போதை பார்வையைக் குறுக்குகிறது. மிக அருகில் இருப்பது மட்டும் பூதாகரமாகத் தெரிகிறது. அன்று அவருக்குத் தெரிந்தது அரிசிப் பானை. அதை மறைத்து நின்றது யார், அவளுக்கு என்ன வயது என்பதெல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தன. இதைச் சொல்வதால் அவரை மன்னித்துவிட்டதாக அர்த்தமில்லை. முதல் குவளையை நிதானத்தில்தான் எடுத்தார்.

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931இல் வந்தது. அதில் வரும் கோடீஸ்வரன் போதையில் நாடோடியைக் கட்டித்தழுவுவான், தெளிந்ததும் யாரென்றே தெரியாது என்பான். அரங்கம் சிரிக்கிற அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர், தான் குடிக்காத வேளையில் இன்னொரு குடிகாரனைக் கண்டாவது தன் நிலையை எண்ணிப்பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். நீதியாக மட்டுமே படித்திருந்த குறள். ஆனால், குடித்தவனால் தன்னைத் தானே பார்க்க முடியாது, இன்னொருவன்தான் அவனுக்குக் கண்ணாடி என்ற நுட்பமான அவதானிப்பல்லவா அது? அப்பாயி அந்தக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டாள். மகன் தலைகுனியக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

2009இல் சித்தப்பா மருத்துவமனையில் கிடந்தார். கண்கள் ஓரிடத்தில் நிலைக்கவில்லை, நடக்க முடியவில்லை. உயிர்ச்சத்து பி1, அதாவது தயமின், அடியோடு வற்றிவிட்டது என்றார் மருத்துவர். குடி பசியைக் கொல்கிறது, கொஞ்சநஞ்சம் தின்றதிலிருந்தும் தயமினைக் குடல் உறிஞ்ச விடுவதில்லை. அது நெல்லின் தவிட்டில் இருப்பது. 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசி தின்று கால் சோர்ந்த கோழிகள் தவிடு நீக்காத அரிசியில் தேறியதைக் கண்டார். மாட்டுத் தீவனமாக மூட்டை மூட்டையாகச் சித்தப்பா எடைபோட்டு அனுப்பியது அதைத்தான்.

ஊசிகளுக்குப் பின் கண்கள் நிலைத்தன. நினைவு திரும்பவில்லை. மாஸ்கோவில் செர்கேய் கோர்சகோவ் 1887இல் விவரித்த நோய் இது. புதிதாக எதுவும் தங்காது, பழையதிலும் ஓட்டைகள். அந்த ஓட்டைகளை மனம் கதைகளால் அடைத்துக்கொள்ளும். அது பொய்யல்ல. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டுமே.

ஒருநாள் மாலை அவராகவே ஆரம்பித்தார். “அம்மா ஒருநாள் கிணத்தடியில விழுந்திட்டா தம்பி. நெத்தியில ரத்தம். நான்தான் தூக்கிட்டு வந்தேன். என் சட்டையெல்லாம் ரத்தம்.” கிணற்றுக் கயிறு அறுந்து கிடந்ததைக்கூடச் சொன்னார். அப்பாயி சொன்ன ஒரு வரிப் பொய், அவருக்குள் கயிறும் ரத்தமுமாக வளர்ந்திருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பானை, நிலைப்படி, போர்வைக்குள் நான், எல்லாவற்றையும். அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒன்பது வயதிலிருந்து அந்த அழுகைக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. அது வந்தபோது எழுந்து ஓடிவிடத் தோன்றியது.

செவிலி வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். பத்து நிமிடம் இருக்கும். அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“கண்ணுல தூசி விழுந்திருச்சா தம்பி?”

“ஆமா சித்தப்பா” என்றேன்.

அந்த மாலை நடந்தது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிணற்றடியில் பாசி பிடித்திருப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.