ஸ்விட்சுக்கும் ஒரு முகவரி வேண்டும்

"சார், ஸ்விட்ச் மேக் அட்ரஸைப் பார்த்துத்தானே டேட்டாவை அனுப்புது? அப்புறம் அதுக்கு எதுக்கு சார் ஐ.பி. அட்ரஸ்?"

நெட்வொர்க்கிங் வகுப்பில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். தெருத்தெருவாகக் கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கு அந்தத் தெருவில் வீட்டு எண் தேவையில்லை. ஆனால் அவரிடமே ஒரு விஷயம் பேச வேண்டுமென்றால்? அவருக்கும் ஒரு முகவரி வேண்டுமல்லவா! ஸ்விட்சை நாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே விசாரிக்கவும், கட்டளையிடவும்தான் அதற்கு ஐ.பி. எண்.

அந்த எண்ணை நாமே எழுதி வைக்கலாம், அல்லது டி.எச்.சி.பி. முறையில் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். 1985-ல் வந்த பூட்பி முறையின் வாரிசு இது. 1993-ல் பிறந்து, 1997-ல் இன்றைய வடிவம் பெற்றது. நடப்பது நான்கே பேச்சு. "யாராவது எண் தருவீர்களா?" என்று ஸ்விட்ச் எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். "இந்தா, இது இருக்கு" என்பார் சர்வர். "அதையே எடுத்துக்கிறேன்" என்று இது சொல்லும். "சரி, உனக்குத்தான்" என்று பதில் வரும்.

ஆனால் சொந்தமாக அல்ல நண்பர்களே, வாடகைக்கு! எட்டு நாள் வாடகை என்றால், பாதிக் காலமான நான்காம் நாளே தந்தவரிடம் நீட்டிப்புக் கேட்கும். பதில் இல்லையென்றால் ஏழாம் நாள் எல்லோரிடமும் கேட்கும். எட்டாம் நாளும் கிடைக்கவில்லையென்றால் எண்ணைக் கைவிட வேண்டியதுதான்.

இந்தப் பாடத்தை நான் முழுசாகப் புரிந்துகொண்டது ஒரு மாலை நேரத்தில். கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். எங்கள் வகுப்பில் ஏழு பேர் பாக்கி. அதில் ஒருவனுக்கு அந்தப் பணம் வராவிட்டால் அடுத்த பருவம் படிப்பே இல்லை. அவன் அப்பா நேரிடையாகவே சொல்லிவிட்டார். நான்கு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. அதன்பின் லேபில் ஒரு கம்ப்யூட்டரிலும் இணையம் இல்லை.

"மாப்ள, என் கதை முடிஞ்சுதுடா" என்றான் அவன்.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் பதறவில்லை. "ஐ.பி. என்ன வந்திருக்குன்னு பாருங்கப்பா" என்றார். எங்கள் லேபில் எப்போதும் 10-ல் தொடங்கும் எண்தான். அன்று வந்திருந்ததோ 192.168.0.23!

"யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டாந்து சொருகியிருக்காங்க" என்றார் அண்ணன். விஷயம் இதுதான்: கரண்ட் வந்ததும் எல்லா மெஷினும் எண் கேட்டுக் கூவின. பெரிய சர்வர் எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும். சின்ன ரவுட்டர் நொடியில் தயார். முதலில் பதில் சொன்னது அதுதான். அதற்கோ வெளியுலகத் தொடர்பே கிடையாது! எங்கள் ஸ்விட்சும் அதனிடமே எண் வாங்கியிருந்ததால், பழைய முகவரியில் கூப்பிட்டால் பேசவில்லை.

அண்ணன் கன்சோல் கேபிளை எடுத்து ஸ்விட்சில் நேராகச் சொருகினார். அந்த ரவுட்டரின் மேக் அட்ரஸை ஒரு கம்ப்யூட்டரில் பார்த்து நான் வாசிக்க, ஸ்விட்சின் அட்டவணையில் அவர் தேடினார். பதினேழாம் போர்ட். கேபிளை உருவினோம். அது பக்கத்து அறைக்குப் போகும் கேபிள். கம்ப்யூட்டர்களில் பழைய எண்ணை விடுவித்துப் புதிதாகக் கேட்க வைத்தோம். 10-ல் தொடங்கும் எண் வந்தது. இரவு எட்டரைக்குள் ஏழு விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன.

டி.எச்.சி.பி. எல்லோரையும் நம்பும். பதில் சொல்பவர் உண்மையான சர்வரா என்று அது விசாரிப்பதில்லை. இதற்கு மருந்தும் ஸ்விட்சிலேயே உண்டு. பெயர் டி.எச்.சி.பி. ஸ்நூப்பிங். சர்வர் இருக்கும் பக்கத்துப் போர்ட்டை மட்டும் 'நம்பலாம்' என்று குறித்துவிட்டால், மற்றப் போர்ட்டுகளிலிருந்து யார் எண் கொடுக்க வந்தாலும் ஸ்விட்ச் தடுத்துவிடும். மறு வாரமே அண்ணன் அதைப் போட்டுவிட்டார். ஸ்விட்சுக்கும் நிரந்தர எண்ணை எழுதி வைத்தார். வழிகாட்டுபவர் வீடு மாறிக்கொண்டே இருக்கலாமா?

அந்த நண்பன் இன்று எங்களோடு இறுதியாண்டில் இருக்கிறான். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி என்று நாம் தாண்டிப்போகும் பக்கங்களில்தான் யாரோ ஒருவரின் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜூனியர் தம்பி, தங்கைகளே, லேபில் ஸ்விட்ச் பெட்டி திறந்திருந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று கேளுங்கள். சொல்லித்தர அண்ணன் தயாராகவே இருக்கிறார்!