கிழக்கே ஐந்தடி

அம்பத்தூர் வீட்டை விற்பது என்று சென்ற ஆண்டு முடிவானபோது, தாய்ப்பத்திரம் உடனே கிடைத்துவிட்டது. கிடைக்காமல் அலைக்கழித்தது, 1984 இல் நகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடம். இரண்டு நாள் தேடி, அப்பாவின் இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தோம். மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகியிருந்த நீலத்தாள். கூடத்துத் தரையில் துண்டுகளைப் பொருத்தி, உடன்பிறந்தவர்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். நாங்கள் வளர்ந்த வீடு அதில் பாதிதான் இருந்தது.

முதல் மாடி 1992 இல் முறையாக அனுமதி பெற்றுக் கட்டியது. அதற்கான தாள் தனியே இருந்தது. எந்தத் தாளிலும் இல்லாதவை இரண்டு. மொட்டை மாடியில் சமையல் மேடையோடு கூடிய ஓர் அறை. அதற்கு ஏறிச் செல்ல, வீட்டின் கிழக்குப் பக்கம் காலியாக விட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு படிக்கட்டும், அதன் கீழே ஒரு குளியலறையும். வரைபடம் அந்த இடத்தை ஒன்றரை மீட்டர் என்கிறது. அப்பாவின் பேச்சில் அது எப்போதும் ஐந்தடி.

இவை எழுந்தது 2001 இல். எங்களில் மூத்தவள் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த வருடம். வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கலாம். அப்பா ஒப்பவில்லை. "வர்றவங்க போறவங்க மொகத்துல எல்லாம் முழிச்சிக்கிட்டு அவ ஏன் நடக்கணும்? அவளுக்குன்னு ஒரு வழி இருக்கட்டும்" என்றார். கொத்தனாரை அழைத்து, கையாலேயே காற்றில் கோடு போட்டுக் காட்டினார். அனுமதி கேட்டால் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. மறு வருடமே நகராட்சி அந்த அறையையும் சேர்த்துச் சொத்துவரி விதித்தது. தனி மின் இணைப்பும் வந்தது. வரி வாங்கிக்கொண்டால் அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது எங்கள் தெருவின் பொதுநம்பிக்கை. (வரி ரசீது அனுமதி ஆகாது என்று சொல்ல எங்களுக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டார்.)

வரைபடத்தோடு ஒரு செய்தித்தாள் நறுக்கும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1999 பிப்ரவரி 28 க்கு முன் எழுந்த விதிமீறல்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்துவதாகத் தமிழக அரசு கொண்டுவந்த சலுகை, ஒரே ஒரு முறைதான் என்று சொல்லப்பட்டது. 2017 இல் மறுபடியும் விதிகள் வந்தன; இம்முறை 2007 ஜூலை 1 க்கு முன் கட்டியவற்றுக்கு. எங்கள் அறையும் அந்த எல்லைக்குள் வரும். அப்பா நறுக்கி வைத்திருந்தது இந்த இரண்டாவது செய்தியைத்தான். விண்ணப்பிக்க ஏன் தயங்கினார் என்று எங்களிடம் சொன்னதில்லை. ஒன்றைப் பிழை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது அவர் சுபாவத்தில் இல்லை என்பது எங்கள் ஊகம்.

வாங்க வந்தவர்களில் இருவர் நிலைத்தார்கள். ஒருவர் கட்டுமானத் தொழில் செய்பவர். இடித்துவிட்டு அடுக்ககம் எழுப்பப் போகிறவர். அவருக்கு அறையும் ஒன்றுதான், படியும் ஒன்றுதான். ஆனால் விலையில் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டக்கூடாது என்றார். இன்னொன்று, வங்கிக் கடனில் வாங்கிக் குடியிருக்க நினைத்த ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்குப் பிடித்துப்போனது, சொல்லிவைத்தாற்போல, மாடி அறைதான். "பிளான் அப்ரூவல் எல்லாம் இருக்குல்ல சார்?" என்று கணவர் கேட்டார். "இருக்கு" என்றான் எங்களில் நடுவன். பொய் இல்லை, வீட்டுக்கு இருந்தது.

அன்றிரவு மூவரும் தூங்கவில்லை. 1882 ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. நடுவன் அதையே பிடித்துக்கொண்டான்: கண்ணெதிரே நிற்கிற அறை எப்படி மறைந்த குறையாகும்? அறை தெரிகிறது, வரைபடத்தில் அது இல்லாதது தெரியாதே என்றாள் அக்கா. தவிர, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கட்டடங்களின் பேரில் வங்கிகள் கடன் தர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. நாங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் வங்கியின் பொறியாளரும் அவருடைய அளவுநாடாவும் திறப்பார்கள் என்பது தெளிவு. எங்கள் நேர்மையில் இந்த பயத்துக்கும் பங்குண்டு.

மறுநாள் சொன்னோம். தம்பதி ஒரு வாரம் பேசவேயில்லை. பிறகு வந்து, அறையையும் படிக்கட்டையும் நீக்கித் தந்தால் வாங்குகிறோம், மேலறைக்கான தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நடுவன் கட்டுமானக்காரர் பக்கம் சாய்ந்தான்; அவன் மகளின் கல்லூரிச் செலவு அந்த வருடம் தொடங்கியிருந்தது, அவனைக் குறை சொல்ல முடியாது. இடித்துத் தரலாம் என்று முடிவு சொன்னது, இருபது வருடங்களுக்கு மேல் அந்தப் படியில் ஏறி இறங்கிய அக்கா.

ஆறு நாள் வேலை. அறை இரண்டு நாளில் போய்விட்டது. படிக்கட்டைச் சுமந்த சுவர் மதிலோடு மதிலாக எழுப்பப்பட்டிருந்ததால் மெல்லத்தான் உடைத்தார்கள். அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு அத்தையின் சமையலறை. அந்தச் சுவர் எழும்பியபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பகலிலும் டியூப்லைட் எரிவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பார்த்தும் எங்கள் படியோடு அதைச் சேர்த்து யோசித்ததில்லை. விதியை மீறினோம் என்றால் நகராட்சியை ஏமாற்றினோம் என்றே அதுவரை நினைத்திருந்தோம். அந்த ஐந்தடி நகராட்சிக்கு எதற்கு? அது அத்தையின் ஜன்னலுக்காக விடப்பட்ட இடம்.

ஐந்தாம் நாள் சுவர் இறங்கியதும், வெளிச்சம் நேராக அந்த ஜன்னலில் விழும் என்று காத்திருந்தோம். அங்கே ஜன்னல் இல்லை. சட்டம் மட்டும் இருந்தது, நடுவில் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். எங்கள் சுவர் மறைத்திருந்ததால் அது எங்களுக்குத் தெரியவேயில்லை. அத்தை தூசிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மதிலருகே வந்து நின்றார். "அது ஆச்சு பதினஞ்சு வருஷம். தொறந்தா சுவரு, பல்லிதான் வருது. வெளிச்சமே இல்லாத ஜன்னல் எதுக்குன்னு அடைச்சிட்டோம்" என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அக்கா, கொத்தனாரை அனுப்பித் திறந்து தரட்டுமா என்று கேட்டாள்.

"இப்ப அங்கதான் பிரிட்ஜ் இருக்கு, விடும்மா" என்றார் அத்தை.

அடுத்த மாதம் பத்திரம் பதிவாயிற்று.